இடது பக்கத்து எடைக்கற்கள்

மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று டப்பாவில் பிரித்து வைத்துக்கொண்டு, எதைப் போட்டோம் எதைப் போடவில்லை என்று குழம்புகிற வயதுக்கு நாம் எல்லோருமே வந்துவிட்டோம். ஆகவே உங்களிடம் கூச்சப்படாமல் சொல்லலாம். போன மாதம் என் பேத்தி கைபேசியில் ஒரு காணொளி காட்டினாள். ஒரு பையன் சைக்கிளை நிறுத்தி, தரையில் காலூன்றாமல், அசையாமல் நிற்கிறான். பின் அச்சில் இரண்டு பக்கமும் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து அந்தக் குழாயில் ஏறி நின்று முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்குகிறான்.

"எப்பிடி தாத்தா?" என்றாள்.

"சீட்டு இன்னும் ஒரு விரக்கடை இறங்கணும். ஹேண்டில்பார் அவனுக்கு எட்ட இருக்கு பாரு, அதான் தோள் தூக்குது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் இடது காலைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. அவள் கேட்காமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. நம் காலத்து வகுப்புகளில் இப்படி ஒருவனாவது இருப்பான், உங்களுக்குத் தெரியும். இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. முழங்காலுக்குக் கீழே முருங்கைக்காய் போல இருக்கும். தோல் வாரும் இரும்புப் பட்டையும் வைத்த காலிப்பர், அதன் அடியில் ஒரு பூட்ஸ். நான் வருவதற்கு முன்னால் அதன் லொடக் சத்தம் வகுப்புக்கு வந்துவிடும். பள்ளியில் என் பெயரே காலிப்பர்தான்.

டிரில் பீரியடில் எனக்கு ஒரு பதவி கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் கபடி ஆடும்போது அவர்கள் சட்டைகளுக்கும் செருப்புகளுக்கும் நான் காவல். எந்தச் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது, எந்தச் சட்டையில் யாருடைய அண்ணன் பெயர் எழுதியிருக்கிறது என்று என்னைக் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வேன். "ஏலே காலிப்பரு, எஞ்சட்டைய மண்ணுல போட்டுறாத" என்பான் கபடி அணித் தலைவன். ஒரு நாளில் என்னிடம் யாராவது பேசினார்கள் என்றால் அது இந்த மாதிரி ஒரு வாக்கியம்தான். அதற்காகவே அந்த மரத்தடிக்கு நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். நூல் சுற்றும் கதிர்களை நேராக நிறுத்துவது அவர் வேலை. ஒரு கதிர் மயிரிழை சாய்ந்தாலும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கான கதிர்களைக் குனிந்து பார்த்து நிமிர்த்திவிட்டு, புருவமெல்லாம் பஞ்சு ஒட்ட வீட்டுக்கு வருவார். வந்த பிறகும் கை சும்மா இராது. காலண்டர் சாய்ந்திருந்தால் நிமிர்த்துவார். பக்கத்து வீட்டுக் கதவு உரசினால் போய்ச் சீவிக் கொடுப்பார். பேச்சு மட்டும் வராது. என் காலை இனி நிமிர்த்த முடியாது என்று மதுரையில் டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும் வழி முழுக்க அவர் பஸ்ஸின் ஆடுகிற ஜன்னல் கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாராம். அம்மா சொல்லியிருக்கிறாள்.

ஏழாம் வகுப்பு, மாசி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்த மாமா, தன் பையன்கள் ஓட்டி முடித்த அரை சைக்கிள் ஒன்றைப் பஸ் கூரையில் ஏற்றி அனுப்பிவைத்தார். அரை சைக்கிள் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்பா இடது பெடலில் இரண்டு அங்குலக் கட்டை வைத்து முடுக்கினார். என் கால் எட்டியது. "காலிப்பரக் கழட்டக் கூடாது. தெருவத் தாண்டக் கூடாது" என்றார். எங்களுடையது லயன் வீடு, சைக்கிள் நிறுத்த இடமில்லை. அதனால் தெருக்கோடியில் இருந்த நெற்களத்தின் தகரக் கொட்டகையில் நிறுத்திக்கொள்ளக் காவல்காரரிடம் கேட்டுக்கொண்டோம்.

தவறு அங்கேதான் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுப்பு முடிந்த களம். பள்ளி மைதானத்தை விடப் பெரிய சிமெண்டுத் தரை. சனி, ஞாயிறு மத்தியானத்தில் அது அடுப்பில் ஏறிய தோசைக்கல் மாதிரி காயும். ராஜபாளையம் என்றால் நாய் என்பார்கள், அந்த வெயிலுக்கு நாய்கூட வராது. தெலுங்கு பேசும் காவல்காரர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். என்னைப் பார்க்க ஒருவரும் இல்லை. காலிப்பரைக் கழற்றிக் கொட்டகையில் மாட்டினேன்.

முதல் வாரம் முழுக்க விழுந்தேன். எப்போதும் வலது பக்கமே விழுந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சைக்கிள் இரண்டு கால் உள்ளவனுக்காகச் செய்தது. என் வலது கால் கனம், இடது கால் வெறும் எலும்பு. நேரான சைக்கிளில் நேராக உட்கார்ந்தால் நான் சாய்ந்துதான் போவேன். என்னை நிமிர்த்த முடியாது என்று மதுரை டாக்டரே சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது சைக்கிள்தான்.

மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்தேன். ஹேண்டில்பாரின் நட்டைத் தளர்த்தி, இடது முனை என் பக்கம் வருமாறு கொஞ்சம் திருப்பி முடுக்கினேன். சீட்டின் மூக்கை வலது பக்கம் ஒரு விரல் தள்ளினேன். இடுப்பு சமமாக உட்கார்ந்தது. பின் சக்கரத்தில் காற்றைப் பாதியாக இறக்கினேன். காற்றுக் குறைந்தால் டயர் தரையைக் கவ்வும்.

அடுத்தது ஃப்ரீவீல். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தானாக ஓடும். பின்னால் மிதித்தால் வெறுமனே டிக்டிக் என்று சுற்றும். எனக்கு அது ஒத்துவரவில்லை. இடது காலுக்குப் பெடலை அமுக்கும் வலு இல்லை. வெல்டிங் கடைக்காரரிடம் கொண்டுபோய் அதை அசையாமல் பற்றவைக்கச் சொன்னேன்.

"கிறுக்கா ஒனக்கு? சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்திக்கிட்டே இருக்கும்லே. கால் மாட்டுச்சுன்னா ஒடிஞ்சிரும்" என்றார்.

"ஒடியிறதுக்கு அதுல என்னண்ணே இருக்கு?" என்றேன். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பற்றவைத்துக் கொடுத்தார். பின் அச்சின் வலது பக்கத்தில் ஒரு சாண் குழாயும் வைத்துக் கொடுத்தார். நிற்க எனக்கு ஒரு பக்கம் போதும்.

இனி சக்கரமே என் இடது காலைத் தூக்கி வந்து கொடுக்கும். முன்னால் மிதித்தால் முன்னால், பின்னால் மிதித்தால் பின்னால். அரை அடி முன்னே, அரை அடி பின்னே என்று ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒரே இடத்தில் நிற்கலாம். ஆனாலும் வலது பக்கம் இழுத்தது. கொட்டகையில் நெல் அளக்கிற தராசின் எடைக்கற்கள் கிடந்தன. காவல்காரரைக் கேட்டேன். துண்டுக்கு உள்ளிருந்தே "தீஸ்கோ பாபு" என்றார், எடுத்துக்கொள் என்று.

அரைக் கிலோ கல்லை இடது பின் அச்சில் ட்யூப் வாரால் கட்டிப் பார்த்தேன். போதவில்லை. ஒரு கிலோ. கொஞ்சம் போதவில்லை. ஒரு கிலோவோடு இருநூறு கிராம், அதோடு ஐம்பது கிராம். அன்று சைக்கிள் எனக்கு அடியில் அப்படியே நின்றது. நான் நூறு வரை எண்ணினேன். ஒன்றேகால் கிலோ! என் காலில் இல்லாமல் போனது எவ்வளவு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் அதைத் தெரிந்துகொண்டு நான் ஓவென்று சிரித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. காவல்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பங்குனி முழுக்க அந்தக் களம் என்னுடையது. முந்நூறு எண்ணும் வரை அசையாமல் நிற்பேன். பின்னோக்கி வட்டம் அடிப்பேன். வலது காலைக் குழாயில் ஊன்றி, சீட்டைப் பிடித்துக்கொண்டு, இடது காலைக் காற்றில் தொங்கவிட்டு ஒரு சுற்று வருவேன். காய்ந்த உமி டயருக்கு அடியில் நொறுங்கும் சத்தம், சூடான ரப்பர் வாசனை, உள்ளங்கையில் துருவும் வியர்வையும் கலந்த பிசுக்கு. இறங்கியதும் காலிப்பரை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். "எங்கலே போன?" என்பாள் அம்மா. "சும்மா" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த மாமா என்னைத் தேடிக் களத்துக்கு வந்துவிட்டார். நான் குழாயில் நின்றுகொண்டிருந்தேன். அவர் இரண்டு சுற்று பார்த்தார். பிறகு நேராக வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னார்.

"மச்சான், சித்திர ஒண்ணாந் தேதி எங்க மன்றத்துல வட்ட சைக்கிள் போட்டி. மருமகன் பேரக் குடுத்துட்டேன்."

மாமாவின் மன்றத்துக்காரர்களே கண்டுபிடித்த போட்டி அது. சுண்ணாம்பில் ஒரு வட்டம் போடுவார்கள். ஓட்டுகிறவன் என்ன வித்தை வேண்டுமானாலும் காட்டலாம். கால் தரையில் படக்கூடாது, சக்கரம் கோட்டைத் தாண்டக்கூடாது. அதிக நேரம் உள்ளே இருப்பவன் ஜெயித்தவன்.

அப்பா போய்க் காலண்டரை நிமிர்த்தினார். "காலிப்பரக் கழட்டிட்டா ஓட்டுதான்?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க வந்து பாருங்க" என்றார் மாமா.

அப்பா லீவு எழுதிக் கொடுத்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை, ஏனென்றால் டிரில் மாஸ்டர் அதே நாள் மன்றத்தின் கபடிப் போட்டிக்கு அதே மைதானத்துக்கு நம் அணியைக் கூட்டிப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆடுகிறவர்கள் ஏழு, உபரி ஒருவன், ஆக எட்டுப் பேர். நான் சட்டை காத்த அதே எட்டுப் பேர். எனக்குப் பரிசு வேண்டாம். அந்த எட்டுப் பேரும் கோட்டுக்கு வெளியே நிற்க, நான் உள்ளே முந்நூறு எண்ண வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்குப் பிறகு அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று திடமாக நம்பினேன்.

முதல் நாளே அம்மாவும் நானும் மாமா வீட்டுக்குப் போய்விட்டோம். வருஷப் பிறப்புக்குத் தம்பி வீட்டில் அம்மாவுக்கு வடை சுடுகிற வேலை இருந்தது. ஷிப்டு முடிந்து, களத்திலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு, அப்பா மறுநாள் காலை பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தூரத்தில் பார்க்கும்போது வேறு யாருடைய சைக்கிளோ என்றுதான் நினைத்தேன். மட்கார்டு மாட்டியிருந்தது, கேரியர் மாட்டியிருந்தது. ஹேண்டில்பார் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. சீட்டின் மூக்கு நேராக முன்னால் பார்த்தது. குழாய் இல்லை. எடைக்கற்கள் இல்லை. பின் சக்கரத்தில் காற்று கல் மாதிரி ஏறியிருந்தது. நான் பெடலைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். டிக்டிக் என்று சுற்றியது. புது ஃப்ரீவீல்.

"கண்டதையும் கெட்டிக் கெடந்துச்சு. எல்லாத்தையும் கழட்டிட்டேன். ஃப்ரீவீலும் இறுகிப் போயிக் கெடந்துச்சு, புதுசு போட்டுருக்கேன்" என்றார் அப்பா. அவர் விரல் இடுக்குகளில் கிரீஸ் இன்னும் இருந்தது. "ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டுல நிக்கிது. இனி ஒரு நூல்கூட விலகாதுலே."

அப்பா என்னிடம் தொடர்ந்தாற்போல் நாலைந்து வாக்கியம் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. சிரிக்கவும் சிரித்தார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. "அப்பா, சைக்கிள் கோணல் இல்ல, நாந்தான் கோணல். திரும்பக் கோணலாக்கிக் குடுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். பையில் ஸ்பானர் வைத்திருந்தார். புது ஃப்ரீவீலுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்கலாம், மற்றதைக் கால் மணி நேரத்தில் முடித்திருப்பார். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு என் கோணல் பிடிக்கவில்லை, ஊர் பார்க்கும்முன் அதை அழித்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. காலிப்பரைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன்.

வட்டத்துக்குள் போனேன். நிறுத்தினேன். பின்னால் மிதித்தேன், பெடல் வெறுமனே சுற்றியது. ஏழு எண்ணியிருப்பேன். வலது பக்கம் விழுந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஒலிபெருக்கியில் மன்றத் தலைவர், "கால் முடியாத பிள்ளை, தைரியமா வந்துருக்கான். எல்லாரும் பலமா கைதட்டுங்க" என்றார். கபடி அணி எட்டுப் பேரும் கைதட்டினார்கள். மற்ற எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார். அது அப்பா. ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா கொடுத்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஒரே ஒருமுறை வாயைத் திறந்தார். "சக்கரம் நேராத்தான் இருந்துச்சு" என்றார், யாரிடம் என்றில்லாமல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சைக்கிளை நான் மறுபடி தொடவில்லை. சேத்தூரில் ஒரு சித்தி மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பள்ளியில் அதைவிட மோசம். அந்த வாரத்திலிருந்து எட்டுப் பேரும் என்னுடன் பேசுவதை நிறுத்தினார்கள். மரத்தடியில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தேன். சட்டைகளை அவர்கள் என்னைத் தாண்டிக் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரில் போட்டார்கள். செருப்புகளையும் அங்கேயே விட்டார்கள். கீழே விழுந்தவனிடம் சட்டையைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பு வரை அந்த மரத்தடியில் நானும் என் காலிப்பரும் மட்டும் இருந்தோம். அப்பா அதன்பிறகு என் பொருள் எதையும் தொட்டுச் சரிசெய்யவில்லை. என் கைக்கடிகாரம் நின்றால்கூட, "கடையில குடு" என்பார். தெருவில் இருக்கிறவர்களின் கடிகாரத்தை எல்லாம் அவர்தான் பார்த்துக் கொடுத்தார்.

போன ஆவணியில் அப்பா போனார். தொண்ணூறை நெருங்கியிருந்தார். துக்கத்துக்கு அந்தக் கபடித் தலைவன் வந்திருந்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அப்பாவைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"ஒங்கப்பாவ நெனச்சா எனக்கு இந்த முட்டிதான்டா ஞாவகம் வரும். ஏழாப்புப் படிக்கையில, அந்தச் சித்திர மாசம், பள்ளிக்கூடத்துக்கு வந்தாரு. நீ அன்னிக்கு லீவு, ஒனக்குத் தெரியாது. எம்பிள்ள சைக்கிள்ல கல்லக் கெட்டி வுட்டுருக்கானுவ, ஹேண்டில்பாரத் திருப்பி வச்சிருக்கானுவ, கால் முடியாத பிள்ளையப் போயி இப்பிடிப் பண்ணலாமா சார்னு டிரில் மாஸ்டர்ட்ட அழுதுட்டாருடா மனுசன். மாஸ்டரு, ஒன்னக் கேலி பண்ணுறவனுவ நாங்கதான்னு எங்க எட்டுப் பேரயும் கொடிக்கம்பத்துக்கிட்ட சரளையில முட்டி போட வச்சுட்டாரு. மத்தியானம் பூரா. எங்களுக்கு ஒண்ணுமே புரியல. கல்லா, எந்தக் கல்லுன்னு முழிச்சோம். நீதான் போட்டுக் குடுத்துட்டன்னு ஒங்கூடப் பேசக் கூடாதுன்னு முடிவு பண்ணுனோம். சின்னப் பயலுவ புத்தி."

அப்பா என் கோணலுக்கு வெட்கப்படவில்லை. என்னை யாரோ வதைக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அதைக் கழற்றியிருக்கிறார். யாரிடமும் வாய் திறக்காத மனிதர் எனக்காக ஒரு வாத்தியார் முன்னால் போய் நின்று அழுதிருக்கிறார். அந்த அழுகையால்தான் நான் மூன்று வருஷம் தனியாக உட்கார்ந்திருந்தேன். இதில் யாரைக் கோபிப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

"ஆமா, அந்தக் கல்லக் கெட்டுனது யாருன்னு பொறவாவது தெரிஞ்சுதாடா?" என்று கேட்டான்.

கண்ணாடிக்குள் அப்பா இருந்தார். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. உண்மையைச் சொன்னால், போகிற நேரத்தில் அவர் எட்டுப் பிள்ளைகளை வீணாக முட்டி போட வைத்தவராகிவிடுவார்.

"தெரியலடா" என்றேன்.

"சரி வுடு. யாரு கெட்டுனா என்ன" என்று எழுந்து, மாலை போடப் போனான்.

உங்களில் அந்த எட்டுப் பேரில் யாராவது இருக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இரண்டு பேர் இப்போது இல்லை என்று கேள்வி. மிச்ச ஆறு பேரிடமும் சொல்கிறேன். அந்தக் கற்களைக் கட்டியது நான். ஒரு கிலோ, இருநூறு, ஐம்பது. ஹேண்டில்பாரைத் திருப்பியதும் நான். அப்பாவின் மேல் தப்பில்லை. கோணலாக ஒன்றைக் கண்டால் நிமிர்த்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அது கோணல் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் இல்லை, ஐம்பது வருஷம் இருந்தது. நான் சொல்லவே இல்லை.